அன்றைக்குக் குரேயில் மழையா, வெயிலா?

போரைப் பற்றி உரைநடையில் எழுதுகிறவர் ‘அவள் சமைத்தாள்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடலாம். சித்திரக்கதை வரைகிறவருக்கு அது முடியாது. அடுப்பு எப்படி இருந்தது, பானையில் வெந்தது என்ன, வெளியே மழையா வெயிலா? எல்லாம் தெரிந்தால்தான் ஒரு கட்டமாவது வரையலாம்.

ஹிரோஷிமாவில் 1968-இல் பிறந்த கோனோ ஃபுமியோ, ‘இந்த உலகின் ஒரு மூலையில்’ என்ற சித்திரத் தொடரை 2007 முதல் 2009 வரை வரைந்தார். ஹிரோஷிமாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குரே என்ற துறைமுக நகருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் சுசுவின் கதை அது.

யமாட்டோ போர்க்கப்பலைக் கட்டிய ஊர் குரே. போர்க்காலத்தில் அதன் துறைமுகத்தைப் படம் எடுக்கக்கூடாது, வரையக்கூடாது. போரில் ஜப்பான் தோற்றதும் ராணுவம் தன் ஆவணங்களையும் கொளுத்திவிட்டது. ஆகவே இப்படிப்பட்ட ஊரைத் தேடுகிறவருக்குக் கைகொடுப்பவை நாட்குறிப்புகள், அக்கம்பக்கச் சங்கங்களின் சுற்றறிக்கைகள், சிக்கனச் சமையல் சொல்லித்தந்த பெண்கள் இதழ்கள். பெரிய வரலாறுகள் ஒதுக்கிவிட்ட காகிதங்கள்!

‘நான்கோ சோறு’ அப்படிக் கிடைக்கும் ஒரு செய்தி. உமி மட்டும் நீக்கிய அரிசியை வறுத்து, நிறையத் தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டு, காலையில் மெல்லிய தீயில் வேகவைப்பார்கள். அரிசி ஊதிப் பெருகும். பானை நிறைந்த மாதிரி இருக்கும். ‘நான்கோ’ என்ற பெயர் என்னவோ 14-ஆம் நூற்றாண்டு வீரர் குசுனோகி மசாஷிகேயைக் குறிப்பது. சுவை மட்டும் வாயில் வைக்க முடியாது. கோனோ அதைச் செய்முறையோடு வரைந்திருக்கிறார். பஞ்சத்தைச் சொல்ல இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

காலத்தையும் அவர் விடவில்லை. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஷோவா 20-ஆம் ஆண்டு ஆகஸ்ட், அதாவது 1945 ஆகஸ்டில் நடப்பதை, ஹெய்செய் 20-ஆம் ஆண்டு ஆகஸ்டில், 2008-இல், வாசகர்கள் படித்தார்கள். அணுகுண்டு விழும் நாளை நோக்கி அவர்களும் மாதம் மாதமாக நடந்தார்கள்.

2016-இல் இதை அசைவூட்டப் படமாக்கிய கதாபுச்சி சுனாவோ, வானிலையையும் வான்தாக்குதல் எச்சரிக்கைகளையும் நாள்வாரியாகத் தொகுத்தார். அணுகுண்டில் அழிந்த ஹிரோஷிமாவின் நகாஜிமா கடைத்தெருவைப் பழைய படங்களிலிருந்து வரைந்து, அங்கே வாழ்ந்தவர்களிடம் காட்டி, அவர்கள் சொன்னபடி திருத்தினார்.

அந்தத் தெருவில் 1929-இல் கட்டிய தைஷோயா துணிக்கடை குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழேயுள்ள புள்ளியிலிருந்து சுமார் 170 மீட்டர். கட்டடம் தப்பியது, இன்று அமைதிப் பூங்காவின் ஓய்வில்லம். படத்தில் 1933 டிசம்பரில், சிறுமி சுசு தன் மூட்டையை அந்தக் கடைச் சுவரில் அழுத்திப் பிடித்து முதுகில் கட்டிக்கொள்கிறாள்.