ஓய்வு பெற்ற ராணுவ நாய்க்கு வீடு வேண்டும்!

திருத்தணி பக்கம் இருக்கும் மாஜி சிப்பாய்கள் கவனத்துக்கு

திருத்தணி முருகனே ஒரு மாஜி போர்வீரர்தான்!

சூரனை வென்ற பிறகும் கோபம் அடங்காமல் வந்து நின்ற இடம் இந்த மலை. இங்கேதான் சினம் தணிந்தது, அதனால்தான் "தணிகை" என்று பெயர் வந்தது என்கிறது தல புராணம். மற்ற முருகன் கோவில்களில் கந்த சஷ்டி அன்று சூரசம்ஹாரம் அமர்க்களப்படும். திருத்தணியில் அது கிடையாது. சண்டை முடிந்து வந்தவரிடம் மறுபடியும் சண்டையை ஞாபகப்படுத்துவானேன்? கூடை கூடையாகப் பூவைக் கொண்டுவந்து புஷ்பாஞ்சலி செய்கிறார்கள்.

சாமிக்கு மலை கிடைத்தது. சிப்பாய்க்கு?

இந்த வட்டாரத்தில் ராணுவத்துக்குப் போகாத தெருவைத் தேடிப் பிடிக்க வேண்டும். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு ஒருவர் என்று பட்டாளத்துக்குப் போய், "ராணுவப்பேட்டை" என்றே பெயர் வாங்கிய ஊர் அது. பனியிலும் மணலிலும் 15 வருடம், 20 வருடம் நின்றவர்கள் 40 வயதை ஒட்டியே பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். இரும்புப் பெட்டியைத் திண்ணையில் இறக்கியதும் முதல் மாதம் ஊரே சுற்றி உட்கார்ந்து கதை கேட்கும். அப்புறம்? ஒரு பாங்கி வாசலில் காவல் வேலை. ராத்திரி தூக்கம் வராது. தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு உதறும். ஆனால் வீட்டில் வாய் திறக்க மாட்டார். "ஒண்ணுமில்லே, போய்ப் படு" என்பார்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

அங்கே இப்படிப்பட்டவர்களுக்கு மருந்து மாத்திரையோடு இன்னொன்றையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். நாய்!

2021 ஆகஸ்டு மாதம் ஜனாதிபதி பைடன் இதற்காக ஒரு சட்டத்திலேயே கையெழுத்துப் போட்டார். போர் அதிர்ச்சியால் மனம் கலங்கிய மாஜி வீரர்கள் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம், அதுவே அவர்களுக்கு சிகிச்சை, பழகிய நாயைப் பிறகு வீட்டுக்கும் கூட்டிப் போகலாம் என்பது ஏற்பாடு.

அதற்கு முன்பே, 2009-ல், "பெட்ஸ் பார் பேட்ரியட்ஸ்" என்ற தர்ம ஸ்தாபனம் இந்த வேலையில் இறங்கிவிட்டது. இவர்கள் செய்வது கெட்டிக்கார வேலை. காப்பகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது குட்டி நாயைத்தான். வயதான நாயை, ரொம்பப் பெரிய நாயை, கால் ஊனமான நாயை யார் கேட்கிறார்கள்? யாரும் கேட்காத அந்த நாய்களைத்தான் மாஜி வீரர்களுக்குச் சேர்த்து வைக்கிறார்கள். இரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். மிருக டாக்டர் பீசில் தள்ளுபடிக்கும் ஏற்பாடு உண்டு. நாய்க்கும் வீடு கிடைத்தது, மனுஷனுக்கும் துணை கிடைத்தது!

இங்கே நாயே சிப்பாய்!

நம் நாட்டில் விஷயம் வேறு மாதிரி. வீடு தேடும் நாய்களில் ராணுவத்திலேயே வேலை பார்த்த நாய்களும் இருக்கின்றன.

உத்தரப்பிரதேசத்தில் மீரட் நகரத்தில் ராணுவ கால்நடைப் படையின் மையம் இருக்கிறது. 1779-லிருந்து வரும் படை. குதிரையில் தொடங்கியது, இன்றைக்குக் கண்ணிவெடி மோப்பம் பிடிக்கிற நாய்களுக்கும் அங்கேதான் பயிற்சி.

அந்த நாய்கள் செய்ததைக் கேளுங்கள். 2015 ஆகஸ்டில் காஷ்மீர் எல்லையில் மான்சி என்ற லாப்ரடார் நாய், ஊடுருவ வந்தவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, தன்னை வளர்த்த சிப்பாயோடு சேர்ந்து உயிரை விட்டது. ராணுவ அறிக்கையில் அதன் பெயரைக் குறிப்பிட்டு கவுரவித்தார்கள். 2022 அக்டோபரில் ஜூம் என்ற நாய் இரண்டு குண்டு பாய்ந்த பிறகும் பிடியை விடவில்லை. ஸ்ரீநகர் ராணுவ மிருக ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தது. 2023-ல் ரஜவுரியில் கென்ட் என்ற பெண் நாய், சிப்பாய்க்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டது.

இவை சண்டையில் செத்தவை. சாகாமல் வயதான நாய்கள் கதி என்ன ஆயிற்று தெரியுமா? வேலைக்கு லாயக்கில்லை என்று ஆனால் ஊசி போட்டுக் கொன்று விடுவார்கள். பல வருடம் இதுதான் நடைமுறை. 2015-ல் ஒரு தகவல் உரிமை மனுவுக்கு வந்த பதிலில் இது வெளியே தெரிந்ததும் நாடு முழுவதும் கொந்தளிப்பு! விவகாரம் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. அதன் பிறகுதான் நிலைமை மாறியது. தீராத நோயில் துடிக்கிற நாயைத் தவிர மற்றவற்றைக் கொல்வதில்லை. ஓய்வு பெற்ற நாய்களை மீரட்டில் வைத்துப் பராமரிக்கிறார்கள். விருப்பப்பட்டவர்களுக்குத் தத்தும் கொடுக்கிறார்கள்.

"நம்ம ஊரில்தான் இப்படி" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். வியட்நாம் சண்டைக்கு ஆயிரக்கணக்கில் நாய்களைக் கொண்டுபோன அமெரிக்கா, அவற்றை உபரித் தளவாடம் என்று கணக்கெழுதி அங்கேயே விட்டுவிட்டு வந்தது. ஊர் திரும்பியவை கொஞ்சம்தான். ஓய்வு பெற்ற நாயைத் தத்து கொடுக்கலாம் என்று அங்கே சட்டம் வந்ததே 2000-ம் ஆண்டில், கிளிண்டன் காலத்தில்!

டெல்லி மெட்ரோ ரெயிலைக் காவல் காத்த மத்திய தொழில் பாதுகாப்புப் படை நாய்கள் 7-க்கு, 2019 நவம்பரில் மெடல் மாட்டி, விழா நடத்தி, ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். நமக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் பயிற்சி மையம் வைத்திருக்கிறதே, அதே படைதான்.

வாங்குவது எப்படி?

ராணுவ நாய் வேண்டுமென்றால் மீரட் கால்நடைப் படை மையத்தின் கமாண்டன்டுக்கு மனு எழுத வேண்டும். கடைசி மூச்சு வரை பராமரிப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நேரில் போய் அழைத்து வர வேண்டும். ரெயிலில் நாயைக் கொண்டுவர இரண்டு வழிதான்: முதல் வகுப்பு ஏ.சி.யில் தனி அறை முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டி. வயதான ஜீவனை இரண்டு நாள் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவருவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வெயில்! கோடையில் 100 டிகிரி தாண்டிய ஊர்கள் பட்டியலில் திருத்தணி பெயர் அடிக்கடி வரும். காஷ்மீர் பனியில் வேலை பார்த்த லாப்ரடாரை இங்கே கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டில் கட்டிப் போட்டால் அது தத்து எடுத்தது ஆகுமா? மின்விசிறியும் நிழலும் தண்ணீரும் கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் மனு போடட்டும்.

மற்றவர்களுக்கு நம் தெரு நாயே போதும். இந்த மண்ணின் வெயில் அதற்குப் பழக்கம். சென்னை கிண்டியில் புளூ கிராஸ் இருக்கிறது. 1959-ல் விமானி கேப்டன் சுந்தரம், தியாகராய நகரில் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க் குட்டிகளைத் தூக்கிவந்ததில் தொடங்கியது அது. அங்கே தத்துக்கு நாய்கள் காத்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் டெல்லி தெரு நாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழி சொன்னது: இஷ்டப்பட்டவர்கள் தெரு நாயைத் தத்து எடுக்கலாம், ஆனால் அது திரும்பத் தெருவுக்கு வரக்கூடாது, அது எடுத்தவர் பொறுப்பு!

வீட்டு அம்மா என்ன சொல்வார்?

"அரிசி விற்கிற விலையிலே நாய் ஒண்ணு குறைச்சலா?" என்பார். நியாயமான கேள்விதான். நாம் சாப்பிடுகிற சோற்றில் ஒரு பங்கு, அவ்வப்போது ஒரு முட்டை போதும் நாட்டு நாய்க்கு. ஆனால் வெறிநாய்க்கடி தடுப்பூசியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் ஒரு பூஸ்டர், பிறகு வருடா வருடம். ஜூலை 6-ந் தேதியை ஒட்டி அரசு கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவச முகாம் நடத்துகிறார்கள். அன்றைக்குப் போனால் காசும் மிச்சம். ரேபீஸ் நோய் அறிகுறி தெரிந்த பிறகு டாக்டர் கையிலும் ஒன்றுமில்லை என்பதை மறக்க வேண்டாம்.

அந்த அம்மாவிடம் சொல்ல ஒரு விஷயமும் உண்டு. காலை 5 மணிக்கு எழுந்தே பழகிய மனுஷனுக்கு, எழுந்து என்ன செய்வது என்பதுதான் இப்போது பிரச்சினை. நாய் வந்தால் அதைக் கூட்டிக்கொண்டு நல்லாங்குளம் வரை நடந்தாக வேண்டும். வழியில் நாலு பேர் "என்ன சார், என்ன ஜாதி நாய்?" என்று நிறுத்துவார்கள். பேச்சு வரும்.

கடைசியாக வயசுக் கணக்கு. ஒரு நாய் 10 வருடம், 12 வருடம் இருக்கும். 70 வயதுக்காரர் இரண்டு மாதக் குட்டியை எடுத்தால் கணக்கு இடிக்கும். எட்டு வயது நாயை எடுத்தால் இரண்டு பேருக்கும் சரியாக வரும். அப்படியும் மகனிடமோ பக்கத்து வீட்டிலோ ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்:

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, இவனுக்குச் சோறு போடறது உன் பொறுப்பு."