உடன் வர மனமில்லாதவர்

வெளிநாட்டுத் திருப்பயணம் என்பது ஒரு காலத்தில் ஆயர்களுக்கும் குருக்களுக்கும் மட்டுமே வாய்த்த பேறாக இருந்தது. இன்று அப்படியில்லை. எருசலேம் செல்லும் கிறித்தவர்களுக்கு நிதியுதவி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011-இல் அறிவித்த பின்னர், சோழமண்டலத்துச் சிற்றூர்ப் பங்குகளிலிருந்தும் குடியானவக் குடும்பங்கள் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு புறப்படுகின்றன. மகிழ வேண்டிய செய்தியே. ஆயினும் பயணம் போய் வந்தவர்கள் பேசும்போது ஒன்றை மட்டும் மறைத்துவிடுவதைக் கவனித்திருக்கிறோம். இருவர் சேர்ந்து புறப்படும்போது ஒருவர் மனம் முழுவதும் எருசலேமில் இருக்கும்; மற்றவர் மனமோ வீட்டுத் திண்ணையை விட்டு இறங்கியே இராது.

ஒரு குடும்பத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். பெயர் வேண்டாம். அதில் பிழை செய்தவர் நாமே ஆதலால், நமது கதையென்றே கொள்ளலாம்.

2018-ஆம் ஆண்டு நாம் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி அது. தஞ்சாவூர்ப் பக்கம் நாற்று பச்சை கட்டிய பிறகுதான் அங்கே வாய்க்கால் நனையும். ஆகவே வயலை மட்டும் நம்பாமல் தென்னையையும் நம்பி வாழ்பவர்கள் அம்மக்கள். அந்தப் பங்கிலிருந்து இருபத்திரண்டு பேர் நவம்பர் மாதத்தில் புனித நாட்டுக்குச் செல்வதென ஏற்பாடாயிற்று.

முதலில் பெயர் கொடுத்தவர் ஓர் அம்மையார். புதுநன்மை வாங்கிய நாள்முதலே ஆண்டவர் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. கீற்று முடைந்தும் பால் விற்றும் பணம் சேர்த்திருந்தார். கணவருக்கு அறுபத்து மூன்று வயது. பூசைக்குத் தவறாதவர், கோயில் காரியம் எதற்கும் முதலில் வருபவர். பயணம் என்றதும் கைகூப்பிவிட்டார்.

“சாமி, அவ போகட்டும். நான் வேண்டாம்னு சொல்லலை. என்னை மட்டும் விட்டுடுங்க. ஐப்பசிக் கடைசியில அப்பத்தான் நடவு முடிச்சிருப்போம். அடைமழை நேரம். வயலையும் தோப்பையும் விட்டுட்டு நான் எங்க போறது?”

அவ்வாண்டு மேட்டூர் அணை ஜூலை 19-ஆம் நாள் திறக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்த பூமிக்குத் தண்ணீர் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் இருந்தவர் அவர். அம்மையாரோ, “அவங்க இல்லாம நான் மட்டும் எப்படி சாமி போவேன்? ஊர் என்ன சொல்லும்?” என்று கண் கலங்கினார்.

கணவர் கேட்டது சிறிய வேண்டுகோள். அம்மையாருக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல துணை. அவருடைய தங்கையே அதற்கு ஆயத்தமாக இருந்தார். இதைக் காண நமக்குக் கண் இல்லாமற் போயிற்று. கணவனும் மனைவியும் சேர்ந்து எருசலேமில் முழந்தாளிட வேண்டும் என்று நாம் மனத்துக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தோம். அடுத்த ஞாயிறு மறையுரையில் புனித சவேரியாரை எடுத்துக்கொண்டோம். நம் மறைமாவட்டத்து நாகப்பட்டினத்தில் நின்றுகொண்டு, கண்டறியாத தீவுகளுக்குப் போகத் துணிந்தாரே, அவர் வயல் வரப்பு என்று தயங்கினாரா என்று கேட்டோம். யாரைக் குறித்துச் சொல்கிறோம் என்பது கோயிலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மறுநாள் பெரியவர் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நாம் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

அப்பயணத்தில் அவர் யாருக்கும் தொல்லை கொடுக்கவில்லை; அதையும் சொல்லத்தான் வேண்டும். முகஞ்சுளித்தோரும் இல்லை, சண்டையிட்டோரும் இல்லை. ஆயினும் போகுமிடமெல்லாம் அவர் வெளியே அமர்ந்துவிடுவார். திருக்கல்லறைக் கோவிலில் வரிசை நீண்டிருந்தது. முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையாரோ கல்லறை வாயிலை நெருங்க நெருங்கத் திரும்பித் திரும்பி முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் காத்திருந்த இடத்தை அடைந்தும், பாதி மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். விரும்பாதவரை உடன் அழைத்துச் சென்றால் விரும்பியவருக்கும் பயணம் கிட்டாது என்பதை அன்று கண்ணால் கண்டும் நாம் உணரவில்லை.

எரிக்கோவில் ஒரு பேரீச்சந் தோப்பின் ஓரம் பேருந்து நின்றது. எல்லாரும் ஏறியாயிற்று, பெரியவரைக் காணோம். தேடிப் போனால், தோப்புக்குள் ஒரு மரத்தடியில் குந்தியிருக்கிறார். கறுப்புக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. தூரிலிருந்து அது எத்தனை சாண் தள்ளியிருக்கிறது என்று கையால் அளந்துகொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், “சாமி, இவ்வளவு தண்ணியிலேயே மரம் காய்க்குது பாருங்க!” என்றார். அந்தப் பத்து நாளில் அவர் முகம் மலர்ந்தது அந்த ஒரு முறைதான். நாமோ, “பெரியவரே, குழாய் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று கடிந்து பேருந்துக்கு அழைத்து வந்தோம்.

நவம்பர் 15, வியாழக்கிழமை. பெத்லகேமில் தங்கியிருந்தோம். அங்கே இரவு ஒன்பது, பத்து மணி ஆகும்போது நம் நாட்டில் நள்ளிரவு கழிந்துவிடும். அந்நேரத்தில்தான் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. கைப்பேசி வைத்திருந்தவர்கள் வீட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நள்ளிரவுக்கு முன்பே ஒவ்வொருவருடைய இணைப்பும் அறுந்தது. அதன்பின் ஊரிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து டெல்டாவின் தென்பகுதி முழுவதும் இருண்டு கிடந்தது என்பதைத் தொலைக்காட்சியில்தான் அறிந்தோம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்த படங்களை விடுதிக் கூடத்தில் நின்று பார்த்தோம்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நம்மைக் குறைசொல்லி ஒரு வார்த்தையேனும் சொல்லியிருந்தால் நெஞ்சு ஆறியிருக்கும். கூடத்து நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அம்மையார் எதிரே தரையில் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்களும் கணவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியபோது அவருடைய தோப்பில் பதினொரு மரங்கள் நின்றன. நூற்றுக்கு மேல் இருந்த தோப்பு அது. அவர் ஊரில் இருந்திருந்தாலும் ஒரு மரத்தைக்கூடத் தாங்கிப் பிடித்திருக்க முடியாதுதான். இதைச் சொல்லி நாமே அவரைத் தேற்றப் பார்த்தோம். “அது தெரியும் சாமி. ஆனா அது விழறப்ப நான் பக்கத்துல இருந்திருப்பேன்ல?” என்றார். அதற்கு மறுமொழி நம்மிடம் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

அதன்பிறகுதான், நாம் மறையுரையில் பாதியாகச் சொன்ன சவேரியார் வரலாற்றை முழுமையாகத் திரும்பப் படித்தோம். குருமடத்தில் படித்ததுதான். ஆயினும் நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் நினைவில் வைத்திருந்தோம் போலும். அவ்வரலாற்றில், உடன் வர மனமில்லாத தோழர் ஒருவரும் இருக்கிறார்.

அவர் பெயர் பிரான்சிஸ்கு மான்சிலாஸ். போர்த்துக்கீசியர். 1541 ஏப்ரல் 7-ஆம் நாள் லிஸ்பன் நகரிலிருந்து சவேரியார் கப்பலேறியபோது உடன் புறப்பட்ட இருவருள் ஒருவர். கல்வி அதிகமில்லை, அப்போது குருப்பட்டமும் பெற்றிருக்கவில்லை. கல்வியின் குறையை அவருடைய வெள்ளை உள்ளம் ஈடுசெய்யும் என்ற பொருள்பட, சவேரியாரே நகைச்சுவையோடு உரோமைக்கு எழுதியிருக்கிறார். 1544-இல் இருவரும் முத்துக்குளித்துறைக்கு வந்தார்கள். சவேரியார் ஓரூர், மான்சிலாஸ் ஓரூர் என்று பிரிந்து பணியாற்றினார்கள். புன்னைக்காயல், மணப்பாடு, தூத்துக்குடி என்று தாம் போகும் ஊர்களிலிருந்தெல்லாம் சவேரியார் இவருக்கு எழுதிய கடிதங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றைப் படித்தால் மான்சிலாஸின் சுபாவம் தெரியும். எளிதில் சலிப்படைபவர், மக்களிடம் பொறுமை இழப்பவர். துடுக்கான பிள்ளைகளிடம் நல்ல தகப்பன் நடந்துகொள்வதுபோல் அம்மக்களிடம் நடந்துகொள்ளும்படி சவேரியார் மீண்டும் மீண்டும் கெஞ்சுகிறார். எவ்வளவு பரிவு! அதே சமயத்தில், ஒருவர் நெருப்பாகவும் மற்றவர் ஈர விறகாகவும் இருந்த துன்பத்தையும் அவ்வரிகளுக்கிடையே உணரலாம்.

லிஸ்பனை விட்டுப் புறப்பட்டுச் சரியாக நான்கு ஆண்டுகள் நிறைந்த 1545 ஏப்ரல் 7-ஆம் நாள், சவேரியார் நம் நாகப்பட்டினத்தில் இருந்தார். யாழ்ப்பாண மன்னன் மேல் போர்த்துக்கீசியர் தொடுக்கவிருந்த படையெடுப்பு கைவிடப்பட்டது. தெற்கே திரும்பலாமென்றால் காற்று எதிராக வீசியது. அங்கிருந்து மான்சிலாஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். துறைமுகத்து மக்களை விட்டுவிடாமல் ஊர் ஊராகச் சென்று கவனிக்கும்படி அதில் கேட்டுக்கொண்டார். பிறகு மயிலாப்பூர் சென்று, புனித தோமையார் கல்லறை அருகே ஏறக்குறைய நான்கு மாதங்கள் தங்கினார். கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போவதா வேண்டாமா என்று இறைவனிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்த பின்னரே மலாக்காவுக்குக் கப்பலேறினார். தயங்காமல் புறப்பட்டார் என்று நாம் பிரசங்கித்தோமே, அந்த நான்கு மாதம் நம் நினைவுக்கு வரவில்லை.

1546 மே மாதம் அம்பொயினாத் தீவிலிருந்து சவேரியாரின் கட்டளை இந்தியாவுக்கு வந்தது. யுவான் தெ பெய்ரா என்னும் குருவும் மான்சிலாஸும் மொலுக்கத் தீவுகளுக்குப் புறப்பட்டு வரவேண்டும். கீழ்ப்படிதலின் பெயரால் இட்ட கட்டளை அது. பெய்ரா போனார். மான்சிலாஸ் போகவில்லை. 1548-இல் இந்தியா திரும்பிய சவேரியார் அவரைச் சேசு சபையிலிருந்து விலக்கிவிட்டார்.

சவேரியார் செய்தது சரியே. அதில் நமக்கு ஐயமில்லை. சபைத் துறவிக்குக் கீழ்ப்படிதல் உயிர் போன்றது, வார்த்தைப்பாடு விளையாட்டன்று. ஆனால் நம் பங்கின் குடியானவர் யாருக்கு வார்த்தைப்பாடு கொடுத்திருந்தார்? இன்பத்திலும் துன்பத்திலும், உடல் நலத்திலும் நோயிலும் பிரியாமல் இருப்பேன் என்று மனைவிக்கு வாக்களித்திருந்தார். விமானம் ஏறுவேன் என்று வாக்களிக்கவில்லையே. சவேரியாருக்கு உரிய கட்டளையை நாம் கையிலெடுத்துக்கொண்டு, சவேரியாரிடம் இருந்த நான்கு மாதப் பொறுமையை விட்டுவிட்டோம்.

புனித சின்னப்பர் வாழ்விலும் இது நடந்ததே. பெர்கேயில் பாதி வழியில் திரும்பிப் போய்விட்ட மாற்கை அடுத்த பயணத்துக்கு அழைத்துச் செல்ல அவர் இசையவில்லை. அதன் பொருட்டுப் பர்னபாவோடு மனத்தாங்கல் ஏற்பட்டு இருவரும் பிரிந்தனர். பர்னபா மாற்கைத் தம் சொந்த நாடாகிய சைப்ரசுக்கு அழைத்துக்கொண்டு போனார். பின்னர் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்கை உடன் அழைத்து வரும்படி சின்னப்பரே கேட்கிறார். எல்லாத் துணையும் எல்லாப் பயணத்துக்கும் ஆகாது. அதனால் அவர் துணையே அல்லர் என்றாகிவிடாது.

மான்சிலாஸ் கதைக்கு வருவோம். சபையை விட்டு விலக்கப்பட்டவர் ஊரைவிட்டு ஓடவில்லை. கசந்துகொண்டு குருத்துவத்தை உதறவுமில்லை. கொச்சியிலேயே குருவாக வாழ்ந்தார். சவேரியார் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையோரம் சான்சியான் தீவில் இறந்தார். அங்கும் இதே கதைதான். உடன் சென்ற சபைச் சகோதரர் ஒருவர் ஆகாதவர் என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். கடைசிவரை அருகிருந்தவர் அந்தோணி என்னும் சீன இளைஞர். கோவாக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் பயின்று தம் தாய்மொழியையே மறந்துவிட்டவர். மொழிபெயர்ப்பாளர் என்ற வகையில் அவரால் பயனில்லை. ஆனால் சவேரியாரின் கடைசி நாட்களை உலகுக்கு எழுதி வைத்தவர் அவரே.

பிற்பாடு போர்த்துக்கல் மன்னரின் ஆணைப்படி 1556, 1557-ஆம் ஆண்டுகளில் சவேரியாரின் தூய வாழ்வைக் குறித்துச் சாட்சியம் திரட்டினார்கள். கொச்சியில் சாட்சி சொல்ல வந்தவர்களுள் மான்சிலாஸ் ஒருவர். தம்மை விலக்கியவரின் புனிதத்துக்குச் சாட்சி சொன்னார். அதுமட்டுமன்று. முத்துக்குளித்துறையிலிருந்து வந்த கடிதங்களை, தம் குறைகளைச் சுட்டிக்காட்டிய அந்தக் கடிதங்களையே, அவர் கிழித்தெறியவில்லை, பத்திரமாக வைத்திருந்தார். நம் கடற்கரையில் சவேரியார் பட்ட பாடுகளை இன்று நாம் நாள்வாரியாக அறிகிறோம் என்றால், மொலுக்கத் தீவுக்குப் போகாமல் தங்கிவிட்ட அம்மனிதரால்தான்.

அண்மையில் நம் பழைய பங்கின் பெரியவர் நம்மைத் தேடி வந்தார். வேறு ஊரில் இருக்கிறோம் இப்போது. பேருந்து பிடித்து வந்திருந்தார். தோப்பில் புதுக் கன்றுகள் வைத்து, அவற்றுக்கு எரிக்கோவில் பார்த்தபடியே குழாய் போட்டிருப்பதைச் சொன்னார். தூரிலிருந்து இரண்டு சாண் தள்ளியாம். பிறகு பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். அம்மையார் லூர்து நகருக்குப் போக விரும்புகிறார்; பயணத்துக்குச் சான்று எழுதித் தரவேண்டும். உடன் செல்பவர் என்ற இடத்தில் மனைவியின் தங்கை பெயரைத் தம் கையாலேயே எழுதியிருந்தார்.

“எந்த மாதம் பயணம்?” என்று கேட்டோம்.

“மே மாசம் சாமி. திருச்சி விமான நிலையம் வரைக்கும் நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்.”

மே மாதம். வயலில் வேலையில்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை, புயலும் மழையும் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். அப்படியானால் நீங்களும் கூடவே போய்வரலாமே என்ற சொல் நம் நா நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.