மங்கும் மூன்று மருந்துக் களிம்பும்

கன்ன மேட்டிலும் நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலும் பழுப்பாகப் படரும் திட்டுதான் மங்கு. பெரும்பாலும் முகத்தின் இருபுறமும் ஒன்றுபோல வரும், அரிக்காது, வலிக்காது. பெண்களிடம் அதிகம். கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் தலைகாட்டும். குடும்பவாகும் உண்டு. வெயில் பட்டால் இன்னும் கறுக்கும்.

தோலின் மேலடுக்கில் உள்ள மெலனோசைட் செல்கள், டைரோசினேஸ் என்ற நொதியைக் கொண்டு மெலனின் நிறமியைத் தயாரிக்கின்றன. மங்கு வந்த இடத்தில் இந்த உற்பத்தி அளவு மீறுகிறது. நிறமி மேலடுக்கில் மட்டும் தேங்கியிருந்தால் களிம்புக்குக் கட்டுப்படும். கீழடுக்குக்கு இறங்கிவிட்டால் லேசில் போகாது.

முகத்தில் தெரியும் கருமையெல்லாம் மங்கு அல்ல. பரு ஆறிய இடத்துக் கருமை நாளடைவில் தானாகவே வெளுக்கும். குங்குமத்திலும் தலைச் சாயத்திலும் உள்ள ரசாயனம் ஒவ்வாமல் நெற்றி கறுப்பதுண்டு. அங்கே நிறுத்த வேண்டியது அந்தப் பொருளை. பின்கழுத்து தடித்து வெல்வெட் துணிபோல் கறுத்திருந்தால் பல நேரம் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அதற்குக் களிம்பு தேடுவதைவிட ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது மேல்.

மங்குக்கான மருந்துகளில் பழையதும் வலுவானதும் ஹைட்ரோகுயினோன். இது டைரோசினேஸைத் தடுக்கும். 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் சக ஆய்வாளரும் இதனுடன் ட்ரெட்டினாயினையும் ஒரு ஸ்டீராய்டையும் கலந்து பயன்படுத்தினார்கள். ட்ரெட்டினாயின் மேல்தோலை வேகமாக உதிர்த்துப் புதுப்பிக்கும். அதனால் வரும் எரிச்சலை ஸ்டீராய்டு அடக்கும். இன்றைய மூன்று மருந்துக் களிம்புகளுக்கு அந்தக் கலவையே மூலம். இரவில், திட்டின் மேல் மட்டும், ஏறத்தாழ எட்டு வாரம், மருத்துவர் கண்காணிப்பில் போட வேண்டிய மருந்து இது.

நடப்பதோ வேறு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்று, மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ந்த டியூபை முகம் முழுக்க மாதக்கணக்கில் சிவப்பழகு க்ரீம்போலப் பூசுகிறார்கள். முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும். அந்தப் பளபளப்புதான் பொறி. போகப்போகத் தோல் மெலிந்து ரத்தநாளங்கள் கோடுகோடாகத் தெரியும். பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். நிறுத்திப் பார்த்தால் முகம் சிவந்து எரியும்; அதற்குப் பயந்து மறுபடியும் அதே டியூப். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பல கடைகளில் இன்னமும் சீட்டு கேட்பதில்லை.

ஹைட்ரோகுயினோனும் ஆண்டுக்கணக்கில் போடத்தக்கதல்ல. தோல் நீலம் பாய்ந்த கறுப்பாக மாறும் ஓக்ரோனோசிஸ் என்ற பாதிப்பு, 1970-களில் தென்னாப்பிரிக்காவில் வெளுப்புக் களிம்பு பூசிய பெண்களிடம் கண்டறியப்பட்டது. வெளுக்கப் பூசியது கறுப்பில் முடிந்தது. அதைப் போக்குவது மிகக் கடினம்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, தயாரிப்பாளர் விவரமே இல்லாத டப்பாக்களில் வரும் வெளுப்பு க்ரீம்களில் உள்ள பாதரசம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் பலர் இத்தகைய க்ரீம் பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள்.

மங்குக்கு மாற்று மருந்துகளான அசெலாயிக் அமிலமும் கோஜிக் அமிலமும் மெதுவாக வேலை செய்யும், தொல்லை குறைவு. ரத்தப்போக்கை நிறுத்தத் தரப்படும் டிரானெக்சாமிக் அமிலம் மாத்திரையாக மங்குக்கும் உதவுகிறது; ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்த பாதிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. லேசர் சிகிச்சை மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் கருமையைக் கூட்டிவிடவும் கூடும். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து புதிய கருமை வரும்.

எந்தச் சிகிச்சைக்கும் அடித்தளம் சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கறுக்க வைப்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். அப்படியும் மங்கு திரும்ப வரலாம். அது அந்த நோயின் இயல்பு.

கர்ப்பிணிகள் ட்ரெட்டினாயினையும் ஹைட்ரோகுயினோனையும் தவிர்க்க வேண்டும். ஸ்டீராய்டு களிம்பை ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருபவர்கள் திடீரென்று நிறுத்தாமல், அந்த டியூபையே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போவது நல்லது.