இருகண் தொலைநோக்கியும் அதனைத் தெரிந்தெடுக்கும் முறையும்

சேய்மையிலுள்ள பொருளை அண்மையிற் காணவேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்கு இயல்பாயுள்ளது. அதனை நிறைவேற்றும் கருவிகளுள், எளிதிற் கையாளத்தக்கதும் கல்லூரிக் கழகமொன்று தன் பணத்தைக்கொண்டே வாங்கத்தக்கதும் வழக்கிற் பைனாக்குலர் எனப்படும் இருகண் தொலைநோக்கியாகும். பறவை நோக்குவோர், காட்டு விலங்குகளைக் காணச் செல்வோர், விண்மீன் பார்ப்போர் ஆகிய பலருக்கும் அது பயன்படுகின்றது. ஆயினும் அதனை வாங்கச் செல்வோரிற் பெரும்பாலார் முதலிற் கேட்கும் வினா, "இஃது எத்தனை மடங்கு பெருக்கும்?" என்பதே. அவ்வினா முதலிற் கேட்கத்தக்கதன்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் இதனைப் பட்டறிந்தே கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் மாணவர் சிலர் தம்முட் பணஞ் சேர்த்து, "30×60" என அச்சிடப்பட்ட கருவியொன்றை மலிவாக வாங்கினர். வாங்குமுன் அவர்கள் எம்மை வினவியபோது, எண் பெரிதாயின் நன்றென்றே யாமும் கூறியிருந்தோம். மார்கழி விடுமுறையில் அதனுடன் மன்னார் மாவட்டத்து வங்காலைக்குச் சென்றோம். 2008 இற் சரணாலயமாகவும் 2010 இல் றம்சார் ஈரநிலமாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் அது. பூநாரைகள் நீர்ப்பரப்பிலே வெண்கோடு இட்டாற்போல நின்றன. கருவியினூடு நோக்கியவர்க்கோ அக்கோடு நடுங்கும் புகையாயிற்று. மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவனொருவன் இருளின் நடுவே சிறு துளையொன்றையே கண்டான். "எனக்கு ஒன்றுந் தெரியவில்லை, சேர்" என்று கூறிக் கருவியை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். தன் கண்ணே குறையுடையது என அவன் எண்ணினான் போலும். குறை அவன் கண்ணிலன்று. எமது அறிவுரையிலே இருந்தது.

கருவியின் அமைப்பு

ஒல்லாந்து நாட்டு மூக்குக்கண்ணாடி வினைஞரான ஹான்ஸ் லிப்பர்ஷே 1608 இல் தொலைநோக்கிக்கு உரிமைப் பத்திரம் வேண்டியபோதே, இரு கண்களாலும் நோக்கத்தக்க ஒன்றைச் செய்து தருமாறு அந்நாட்டு ஆட்சிமன்றம் அவரைக் கேட்டது. 1611 இல் கெப்ளர் விளக்கிய அமைப்பிலே, பொருளை நோக்கியும் கண்ணை நோக்கியும் குவிவு வில்லைகள் அமைந்தன. அதிற் பார்வைப்புலம் அகன்றதாயினும் உருவந் தலைகீழாய்த் தோன்றும். இத்தாலியரான இக்னாசியோ போறோ, ஒளி அரியங்களுக்குள்ளே பலமுறை தெறித்துச் செல்லுமாறு செய்து உருவை நிமிர்த்தும் முறைக்கு 1854 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். ஒளியின் பாதை மடிக்கப்பட்டமையாற் குழாயுங் குறுகிற்று. 1894 இல் ஏர்ண்ஸ்ற் அபேயின் ஆய்வின் பயனாகச் சைஸ் நிறுவனம் இவ்வகைக் கருவிகளை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இக்காலத்தில் இருவகைக் கருவிகள் கிடைக்கின்றன. தோள்போல அகன்ற உடலையுடையது போறோ வகை. நேர்க்குழாய்களையுடையது கூரையரிய வகை. பின்னையது கைக்கு அடக்கமானது. ஆயின் அதன் அரியங்களை மிக நுட்பமாகச் செதுக்கவும் அவற்றிற்குச் சிறப்புப் பூச்சிடவும் வேண்டியிருத்தலின் விலை ஏறும். குறைந்த பணத்திலே தெளிந்த காட்சியை விரும்புவோர் போறோ வகையை இகழ்ந்து ஒதுக்குதல் ஆகாது.

இரண்டு எண்கள்

கருவியின்மீது 8×42 என்றாற்போல எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெண் உருப்பெருக்கம், 800 மீற்றர் தூரத்தில் நிற்கும் நாரை 100 மீற்றர் தூரத்தில் நிற்பதுபோலத் தோன்றும் என்பது அதன் பொருள். இரண்டாம் எண் முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில் எத்துணை என்பது.

பெருக்கம் மிகமிக உருவம் பெரிதாகின்றது. அதனோடு கையின் நடுக்கமும் அதே அளவிற் பெரிதாகின்றது. 10 மடங்கிற்கு மேற்பட்ட கருவியைத் தாங்கியின்றிப் பிடித்து நோக்குதல் பெரும்பாலார்க்கு அரிது. நண்பகலிற் சூடேறிய சேற்றுவெளிமேல் எழுங் கானலும் அவ்வாறே பெருகும். அவ்வேளையில் எந்த எண்ணும் பயன்தராது. ஆதலின் விடியலிலே செல்லுதல் விலையுயர்ந்த கருவியினும் நன்று. அன்றியும், மலிந்த கருவிகளில் அச்சிட்ட எண் மெய்யாயிருப்பதுமில்லை.

பெருக்கம் மிகும்போது பார்வைப்புலங் குறுகுவதும் இயல்பு. 1000 மீற்றர் தூரத்தில் ஒரு பாகை ஏறத்தாழ 17.5 மீற்றர் அகலத்தை அடக்கும். எனவே 7.5 பாகைப் புலமுடைய 8 மடங்குக் கருவி ஏறத்தாழ 131 மீற்றரையும், 6 பாகைப் புலமுடைய 10 மடங்குக் கருவி 105 மீற்றரையுங் காட்டும். பறக்கும் பறவையைப் பின்தொடர்வார்க்கு இவ்வேறுபாடு பெரிது. மடங்கை மாற்றத்தக்க கருவிகளிற் புலம் பெரும்பாலும் ஒடுக்கமாயிருத்தலின் தொடக்கத்தார் அவற்றை விலக்குதல் நன்று.

ஒளியும் கண்ணும்

முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தாற் பிரித்தால், கண்வில்லையினின்றும் வெளியேறும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 8×42 கருவியில் அது 5.25 மில்லிமீற்றர், 10×25 இல் 2.5, 7×50 இல் ஏறத்தாழ 7.1. நமது கண்மணி பகலொளியில் 2 அல்லது 3 மில்லிமீற்றராகச் சுருங்கும்; இருளில் இளைஞர்க்கு ஏறத்தாழ 7 வரை விரியும்; நாற்பதைக் கடந்த எம்போன்றார்க்கு அத்துணை விரிவதில்லை. ஆகவே நண்பகலிலே சிறு கருவியும் போதும். வைகறையிலும் அந்தியிலும் 4 அல்லது 5 மில்லிமீற்றர் வட்டம் வேண்டும். 7×50 இரவிலுங் கடலிலுஞ் சிறந்ததாயினும், அவ்வகையிற் பல ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடையன. நாள் முழுதுங் கழுத்திலே தாங்குதல் எளிதன்று.

மூக்குக்கண்ணாடி அணிவோர் நோக்கவேண்டிய அளவு வேறொன்றுண்டு. கண்வில்லையினின்றும் எத்துணைத் தூரத்திலே கண்ணை வைத்து முழுக்காட்சியையுங் காணலாம் என்பதே அது. மூக்குக்கண்ணாடி இடையில் நிற்பதால் கண்ணை நெருங்க வைத்தல் இயலாது. அத்தூரம் 15 மில்லிமீற்றரிற் குறையின், காட்சியின் ஓரங்கள் அவர்க்கு மறைந்துவிடும். 16 முதல் 18 வரை இருத்தல் நன்று. கண்வில்லையைச் சூழ்ந்த இறப்பர் விளிம்பும் மடிக்கவோ தாழ்த்தவோ தக்கதாயிருத்தல் வேண்டும். எம் மாணவனுக்கு நேர்ந்த இடர் இதுவே.

ஒளியைப் பற்றி இன்னுமொன்று. பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேற் படும் ஒளியில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கைத் தெறிக்கின்றது. பத்துப் பரப்புகளைக் கடக்கும்போது மூன்றிலொரு பங்குக்கு மேல் இழக்கப்படும். 1935 இல் சைஸ் நிறுவனத்து அலெக்சாண்டர் ஸ்மாக்குலா தெறிப்பைக் குறைக்கும் மென்பூச்சைக் கண்டார். இன்று பல படையான பூச்சுகளால் இவ்விழப்பு மிகச் சிறிதாயிற்று. எல்லாப் பரப்புகளும் பலபடைப் பூச்சுடையனவா என வினவுக. கண்ணைக் கவருஞ் செந்நிறமாக மின்னும் வில்லைகளை நம்பற்க.

வாங்குமுன் சோதித்தல்

கருவியைக் கையிலேந்திக் கடைவாயிலுக்கு வருக. முதலிற் கையை நீட்டிப் பிடித்து வானொளியை நோக்கிக் கண்வில்லையைப் பார்க்க. ஒளிவட்டம் முழுவட்டமாயிருத்தல் வேண்டும். ஓரங்கள் வெட்டுண்டு சதுரம்போலத் தோன்றின் அரியங் குறைந்த தரத்தது. அடுத்து, இரு குழாய்களையும் நுமது கண்களின் இடைவெளிக்கு ஏற்ப மடித்து, மின்கம்பியையேனுங் கூரை விளிம்பையேனும் நோக்குக. உருவம் இரண்டாய்ப் பிளவுறின், அல்லது சிறிது நேரத்திற் கண் வலிப்பின், குழாய்கள் ஒன்றற்கொன்று இணையாகவில்லை எனக் கொள்க. அத்தகையதை எத்துணை மலிவாயினும் விடுக.

கருவியைக் கண்ணுக்கு இசைவாக்கும் முறையைப் பலர் அறியார். வலப்புறத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு உருவைத் தெளிவாக்குக. பின்னர் இடப்புறத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாது, வலக்கண்வில்லையின் வளையத்தைமட்டுந் திருப்புக. அதன்பின் எத்தூரத்துக்கும் நடுச்சக்கரமே போதும். வேறு அமைப்புடைய கருவிக்கு அதனுடன் வருங் குறிப்பைப் பின்பற்றுக.

பேணல்

நமது ஈரக் காற்றிலே வில்லைகளிற் பூஞ்சணம் பிடிக்கும். உட்புறம் நைதரசன் நிரப்பி நீர்புகாவண்ணம் மூடப்பட்ட கருவி அதனைப் பெரிதுந் தடுக்கும். ஏனையவற்றைத் தோலுறையில் அடைத்து வையாது, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் மூடிய பெட்டியில் வைக்க. உப்பும் மணலும் பட்ட வில்லையைச் சட்டைத் தலைப்பால் துடைத்தலாகாது. முதலில் மென்தூரிகையால் மணலை அகற்றுக.

யாவற்றினும் மேலானது ஓர் எச்சரிக்கை: எக்கருவியினூடும் ஞாயிற்றை நோக்கற்க. கணப்பொழுதிலே கண்ணொளி என்றும் மீளாவாறு கெடும். இதனை ஆசிரியர் மாணவர்க்கு ஒவ்வொரு முறையும் நினைவூட்டுதல் கடமை.

பொதுப் பயனுக்கு 8×32 அல்லது 8×42 கருவியே பெரும்பாலார்க்குப் பொருந்தும். மறு ஆண்டு 8×42 கருவியொன்றை இரவல் பெற்று அவ்விடத்திற்கே சென்றோம். எண்ணாற் சிறியதாகிய அதனை முதலில் அம் மாணவன் கையிலேயே கொடுத்தோம். பூநாரைக் கூட்டம் எழுந்தபோது சிறகுகளின் செந்நிறத்தை அவனே கண்டு எல்லார்க்கும் கூவிச் சொன்னான். கருவியின் பெருமை அதன்மேற் பொறித்த எண்ணிலன்று. நோக்குவோன் கண்ணுக்கும் கைக்கும் அஃது இயைதலிலேயே உள்ளது.