ஒரு தக்காளிக்கு எத்தனை கைகள்?

சென்னைக் கோயம்பேடு சந்தையில் விடியற்காலையில் இறங்கும் தக்காளியில் கணிசமான பங்கு ஆந்திராவின் பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. மதனப்பள்ளி, புங்கனூர், பலமனேர், குப்பம் என்று நீளும் அந்தப் பகுதியில் தக்காளி போடுபவர்கள் பெரும்பாலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். 2023 ஜூலை இறுதியில் மதனப்பள்ளி மண்டியில் கிலோ 200 ரூபாயை நெருங்கியபோது அந்த ஊரின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. விலையைப் பற்றி எல்லோரும் பேசினோம். அந்தப் பழத்தை உருவாக்கும் கூட்டு வேலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால் உண்மையான அதிசயம் அந்த வேலையில்தான் இருக்கிறது.

முதலில் இடம். தக்காளிப் பூ வெப்பத்துக்கு மிகவும் அஞ்சும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்ந்துவிடும். கோடையில் திருப்பதிச் சமவெளியிலும் சென்னையைச் சுற்றியும் செடி தழைத்தாலும் காய் பிடிக்காமல் போவது இதனால்தான். மதனப்பள்ளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவில் இறங்கும் குளிர்ச்சிதான் கோடையிலும் நமக்குத் தக்காளி கிடைக்க வழி செய்கிறது.

இனி ஆட்கள். வேலை நாற்றங்காலில் தொடங்குகிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் குழிக்கு ஒரு விதையாக ஊன்றுகிறார்கள். குழிக்கு ஒன்று என்பதால் ஒவ்வொரு நாற்றின் வேரும் தன் நார்க்கட்டியோடு முழுசாக வெளியே வரும். நட்ட மறுநாளே நீர் உறிஞ்சத் தொடங்கும். தட்டுகளைச் சுற்றிக் கட்டும் நுண்வலை வெள்ளை ஈயைத் தடுக்க. இலைச் சுருட்டு வைரஸைச் சுமந்துவரும் பூச்சி அது. இளம் நாற்றில் நோய் தொற்றினால் அந்தச் செடி குட்டையாகவே நின்றுவிடும். வலையில் ஒரு கிழிசலைப் பார்த்து உடனே தைத்துவிடுகிற பெண், வயலையே காப்பாற்றுகிறார்.

நடவு நாள்தான் கணக்கின் உச்சம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு முறையை வகுத்திருக்கிறது: 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. நடும்போது தக்காளி நாற்றுக்கு வயது சுமார் 25 நாள், செண்டுமல்லி நாற்றுக்கு 40 முதல் 45 நாள். இந்த வயது வித்தியாசம் எதற்கு? இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். அப்போதுதான் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி தக்காளியை விட்டுச் செண்டுமல்லி மொட்டுகளை நாடி முட்டையிடும். செண்டுமல்லி விதைத்தவர், தக்காளி விதைத்தவர், குழி எடுத்தவர், சொட்டுநீர்க் குழாய் இழுத்தவர் என்று நாலு பேரின் நாள்கணக்கும் ஒரு நாளில் வந்து கூட வேண்டும். தவறினால் தந்திரம் பலிக்காது.

செடி முழங்கால் உயரம் வந்ததும் கம்பு நடுகிறார்கள். சவுக்கு அல்லது யூக்கலிப்டஸ் கம்புகளை ஆண்கள் அடித்து இறக்க, பெண்கள் சணல் கயிற்றால் தண்டைத் தூக்கிக் கட்டுகிறார்கள். நோய்ப் பூஞ்சையின் வித்துகள் முளைக்க இலைமேல் ஈரம் தங்க வேண்டும். தூக்கிக் கட்டிய செடிக்குள் காற்று நுழைந்து பனியையும் மழைநீரையும் விரைவில் உலர்த்துகிறது. மண் தெறிப்பும் குறைகிறது. ஒரு முடிச்சு, மருந்து அடிக்கும் ஒரு தடவையை மிச்சப்படுத்தும்.

கட்டி முடித்தவரின் கையைப் பாருங்கள். முதலில் பச்சை மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கும். மதியத்துக்குள் அது கருப்புப் பிசினாகிவிடும். சோப்புப் போட்டால் மஞ்சளாகத் தண்ணீர் ஓடும். தக்காளித் தண்டிலும் இலையிலும் கண்ணுக்குத் தெரியாத சுரப்பி ரோமங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தொட்டதும் அவற்றின் உருண்டை முனை உடைந்து சாறு கசிகிறது. காற்றுப் பட்டதும் கருக்கிறது. சின்னப் பூச்சிகளின் கால்களைச் சிக்கவைக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. தக்காளிச் செடியின் வாசனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த ரோமங்களிலிருந்து வருவது.

கூலி வாங்காத ஆட்களும் இந்தத் தோட்டத்தில் உண்டு. தக்காளிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் குழாய் போல ஒட்டிய மகரந்தப் பைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நீலப் பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் பூவைக் கவ்விப் பிடித்து, இறக்கையை விரிக்காமலே பறக்கும் தசைகளை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரவைக்கின்றன. மூடியில் துளையிட்ட மிளகுக் குப்பியைக் கவிழ்த்து ஆட்டியதுபோல் மகரந்தம் கொட்டுகிறது. சாதாரணத் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. காற்றின் ஆட்டத்திலும் கொஞ்சம் காய் பிடிக்கும் என்றாலும், அதிர்வு கிடைத்த பூ நிறைய விதையோடு கனமான காயைத் தரும். காற்றும் வண்டும் புகாத ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் ஒரு காலத்தில் ஆட்கள் மின் அதிர்வுக் கோலோடு பூப்பூவாகப் போனார்கள். 1980களின் இறுதியில்தான் வளர்ப்பு வண்டுத்தேனீக்கள் அந்த வேலையை ஏற்றன. இங்கே அது இலவசம். ஒரே நிபந்தனைதான்: தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறவர், தேனீ வரும் காலை வேளையை விட்டுவிட்டுச் சாயங்காலம் அடிக்க வேண்டும்.

அடுத்து பறிப்பு. கம்பு கட்டிய தக்காளி ஒரே தடவையில் பழுப்பதில்லை. அடிக்குலை சிவக்கும்போது நடுக்குலை பச்சை, உச்சியில் பூ. மூன்று நாலு நாளுக்கு ஒரு பறிப்பு, அப்படிப் பல பறிப்புகள். காம்பின் நடுவில் முட்டி போல ஒரு வீக்கம் உண்டு. அங்கே செல்கள் பிரிவதற்குத் தயாராகவே அமைந்திருக்கும். பறிக்கிறவரின் கட்டைவிரல் அந்த முட்டியில் பதிந்து மெல்ல மடக்கினால் பழம் கையோடு வந்துவிடும். கொடி அசையாது, மேலே இருக்கும் பூவும் உதிராது. கலிபோர்னியாவில் 1960களில் அறுவடை எந்திரம் வந்தது. அதற்காகவே கெட்டித் தோலோடு, மொத்தமாகப் பழுக்கும் ரகத்தை உருவாக்க வேண்டியிருந்தது. எந்திரம் செடியோடு வெட்டி எடுக்கும். நாளைய காயை விட்டுவிட்டு இன்றைய பழத்தை மட்டும் எடுப்பது கைக்குத்தான் சாத்தியம்.

எதைப் பறிப்பது என்பதைக் கண் முடிவு செய்கிறது. அடிப்பக்கம் லேசாக நிறம் மாறிய செங்காய் தொலைதூரச் சந்தைக்கு, சிவந்தது சென்னைக்கு. அந்த நிறமாற்றம் தொடங்கிவிட்டாலே பழம் தனக்குள் எத்திலீன் வாயுவை உண்டாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கொடியின் உதவி இனித் தேவையில்லை, லாரியிலேயே பழுத்துவிடும். பறித்த கூடையை உடனே மர நிழலுக்குக் கொண்டுபோவதிலும் காரணம் உண்டு. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. பழம் மஞ்சளோடிப் போகும்.

விதை ஊன்றுவது, முடிச்சுப் போடுவது, நிறம் பார்ப்பது என எல்லாம் நுட்பமான அறிவு. இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வது பெண்கள். ஆனாலும் வேளாண் பயிற்சிக்கு அழைப்பு பெரும்பாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே போகிறது. பெண்களின் கூலியும் ஆண்களின் கூலியைவிடக் குறைவு. இது மாற வேண்டும். நோயை முதலில் பார்க்கும் கண்ணுக்கு நோயின் பெயரைக் கற்றுக்கொடுப்பதுதான் எந்தப் பயிற்சிக்கும் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

வாங்கி உண்ணும் நாமும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செங்காயாக வந்த தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மணம் மங்கும், பழுப்பதும் நின்றுபோகும். வெளியே, நிழலில் வையுங்கள். அத்தனை பேர் சேர்ந்து கொண்டுவந்த சுவை அப்போதுதான் முழுதாக உங்களுக்குக் கிடைக்கும்.