தொட்டுப் பார்க்கலாமோ?

சென்ற பாடசாலை விடுமுறையில் என் தமக்கையாரின் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்குப் போய்வந்தேன். மூத்தவள் எட்டாம் வகுப்பு; இளையவன் நான்காம் வகுப்பு. உடையார்கட்டுச் சந்தியில் விடியுமுன்னே பஸ் ஏறி, பரந்தன் வழியாகக் கிளிநொச்சியை அடைந்து, அங்கே புகையிரதம் பிடித்தோம். வழி நெடுகிலும் பையன் கேட்ட கேள்விகளை எழுதினால் இப்பக்கம் போதாது.

கவர்னர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் எழுந்து, 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி திறந்து வைக்கப்பட்ட அந்த வெண்ணிற மாளிகையை அறியாத வாசகர் சிலரே இருப்பர். கண்டியரசரின் சிம்மாசனம் அங்கேதான் இருக்கின்றது; இங்கிலாந்துக்குப் போய் நெடுங்காலம் கழித்து 1934இல் திரும்பி வந்த பொருள் அது. பொலன்னறுவைச் சிவாலயங்களிற் கண்டெடுக்கப்பட்ட வெண்கலத் திருவுருவங்களும் அங்கே உள. அவற்றைப் பற்றிக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். ஆனால் எங்கள் பிள்ளைகளின் கால்கள் சிம்மாசனத்தின் முன்னும் நிற்கவில்லை, நடராஜரின் முன்னும் நிற்கவில்லை. அவை நின்றது ஒரு கல்லின் முன்னே.

காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுப் பொறிப்பித்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் என்று மூன்று பாஷைகளில் மூன்று விதமாகக் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கொடுத்த பொருள்களின் அட்டவணை மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே! இக்கல் 1911ஆம் ஆண்டில் எங்கே அகப்பட்டது தெரியுமா? காலி நகரத்து வாய்க்கால் ஒன்றின்மேல் மூடுகல்லாகக் கிடந்தது. சரித்திரத்தின்மேல் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இதனைச் சொன்னதும் பையனின் கண்கள் விரிந்தன. "எங்கட எழுத்தும் இருக்குது மாமா! தொட்டுப் பார்க்கலாமோ?" என்று கையை நீட்டினான். காவலர் தலையை அசைத்தார். அவர்மேற் குறை கூற இடமில்லை. ஆயிரம் விரல்கள் நாள்தோறும் தடவினால் எந்த எழுத்துத்தான் மிஞ்சும்? விரலின் வியர்வையிலுள்ள உப்பு வெண்கலத்தையும் அரித்துவிடும். பையன் கையை மடக்கிக்கொண்டான். ஆனால் அன்று முழுவதும் அவன் முகம் தெளியவில்லை.

தொடக்கூடாத நூதனசாலைகளுக்கு எதிராக, தொட்டே ஆகவேண்டிய நூதனசாலைகளும் உலகில் உண்டு. ஜெர்மனியிலே மின்பொறியியலாளர் ஒஸ்கார் வொன் மில்லர் 1903இல் தொடங்கி, 1925இல் மியூனிச் நகரின் ஆற்றுத் தீவிலே திறந்து வைத்த காட்சிசாலையில், வருவோர் தாமே பிடியைச் சுழற்றியும் பொத்தானை அமுக்கியும் இயந்திரங்களின் இயல்பை அறிந்தனர். கல்கத்தாவில் 1959ஆம் ஆண்டு பிர்லா தொழில்நுட்பக் காட்சிசாலை தோன்றிற்று. சென்னைக் கோட்டூர்புரத்திலுள்ள பெரியார் விஞ்ஞான நிலையத்தின் கோளரங்கம் 1988இல் வந்தது.

இவ்வகையில் என் மனத்தை மிகவும் கவர்ந்த கதை அமெரிக்காவில் நடந்தது. அணுகுண்டு செய்த விஞ்ஞானி ரொபேட் ஒப்பன்ஹைமரின் தம்பி பிராங்க். அரசியற் காரணத்தால் 1949இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்த அவர், கொலராடோ மலைநாட்டில் மாடு வளர்த்துச் சீவித்தார். பிற்பாடு பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் பாடசாலையில் ஆசிரியரானார். ஊர்ப் பிள்ளைகள் கையால் செய்து பார்த்தே விஞ்ஞானத்தைப் பிடித்துக்கொள்வதை அங்கேதான் அவர் நேரிற் கண்டார். அந்த அனுபவத்தின் பயனே 1969ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் அவர் நிறுவிய 'எக்ஸ்புளோரட்டோரியம்'. ஒரு கிராமத்து வகுப்பறையிலே விழுந்த விதை என்பதைக் கவனியுங்கள்.

இக்கதையைத் திரும்பி வரும் புகையிரதத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொன்னது வினையாயிற்று. "அப்படியெண்டால் எங்கட ஊரிலை ஏன் ஒண்டும் இல்லை?" என்று மருமகள் கேட்டாள்.

இல்லையென்று எப்படிச் சொல்வது? மறுநாள் மாலை இருவரையும் உடையார்கட்டுக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்றேன். துருசின் அருகில் நின்று, "இத்தனை தண்ணீரும் கட்டை எப்படித் தள்ளுகிறது, எங்கே அதிகமாகத் தள்ளுகிறது?" என்று வினவினேன். "அடியிலை" என்றாள் பெண். அதற்குச் சான்றாகப் பாடப்புத்தகத்திற் பார்த்த படமொன்றையும் சொன்னாள்: பேணியொன்றில் மூன்று துளைகள், மேல் துளையின் நீர் அருகிலும், நடுத் துளையின் நீர் சற்று அப்பாலும், கீழ்த் துளையின் நீர் எல்லாவற்றையும்விடத் தூரத்திலும் விழுகின்றன.

"செய்து பார்த்தாயா?" என்றேன். அவள் விழித்தாள்.

வெறும் பால்மாப் பேணி ஒன்றில், உயரத்தின் காற்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு ஆகிய மூன்று இடங்களில் ஒரே ஆணியாற் துளையிட்டோம். பேணியை முற்றத்து நிலத்தில் வைத்து, பையன் செம்பினால் நீர் வார்த்து, விளிம்பு மட்டத்துக்கு நிறைந்தபடியே வைத்திருந்தான். நடுத் துளையின் நீர்தான் தூரமாகப் போய் விழுந்தது! மேல் துளையின் நீரும் கீழ்த் துளையின் நீரும் அதற்கு உள்ளே, ஏறக்குறைய ஒரே இடத்தில் மண்ணை நனைத்தன. பெண்ணுக்குக் கோபமே வந்துவிட்டது. "புத்தகம் பிழையோ, பேணி பிழையோ?" என்றாள்.

இரண்டும் பிழையல்ல என்று சொல்லமாட்டேன். படம் பாதிதான் சொல்கிறது. கீழ்த் துளையில் நீர் மிக வேகமாகப் பாய்கிறது என்பது மெய். ஆனால் நிலம் அதற்கு மிக அருகில் இருப்பதால் தூரம் போவதற்குமுன் விழுந்துவிடுகிறது. மேல் துளையின் நீருக்கு விழுவதற்கு நேரம் உண்டு, வேகம் இல்லை. இரண்டும் அளவோடு அமைந்தது நடுத் துளைக்கே. பின்பு பேணியைத் தூக்கிக் கதிரையின் விளிம்பில் வைத்தோம். இப்பொழுது புத்தகத்துப் படம் மெய்யாயிற்று: கீழ்த் துளையின் நீரே எல்லாவற்றையும் முந்தியது. கலிலியோவின் கடைசி மாதங்களில் அவருக்குத் துணையாயிருந்த தொரிசெல்லி என்ற இத்தாலியர், பாயும் நீரின் வேகத்துக்கான விதியை 1644ஆம் ஆண்டிலே வெளியிட்டார். ஒரு பழைய பேணியும் மூன்று ஆணித் துளைகளும் அவரை எங்கள் முற்றத்துக்கு வரவழைத்துவிட்டன.

அந்த வேகத்தை அடக்கியாளும் வித்தையை இந்நாட்டார் அவருக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தனர். பண்டைப் பெருங்குளங்களின் கட்டினுள்ளே, வெளிச்செல்லும் நீரை இடைமறிக்கச் சதுரக் கிணறு ஒன்றைக் கல்லாற் கட்டினர். சிங்களத்தில் அதற்கு 'பிசோகொட்டுவ' என்று பெயர். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட நூலில், இக்கால நீர்த்தேக்கங்களின் வால்வுக் கிணறுகளுக்கு இதுவே முன்னோடி என்று வியந்திருக்கிறார். வன்னியிலே குளத்தைக் காட்டாமல் விஞ்ஞானம் படிப்பிப்பது, கடற்கரையில் இருந்துகொண்டு உப்பைக் கடையில் வாங்குவதற்கு ஒப்பாகும்.

விஞ்ஞானத்துக்குக் குளம் இருக்கின்றது. சரித்திரத்துக்குத்தான் கை வெறுமை. 2009ஆம் ஆண்டு ஜனவரியிலே பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பினுள் உடையார்கட்டும் அடங்கியது. எறிகணைகள் அங்கும் வந்து விழுந்தன. சனங்கள் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தனர். தூக்கியதையும் வழியிலே ஒவ்வொன்றாக விட்டனர். என் தாயார் விட்டவற்றுள் தகப்பனாரின் கொத்து ஒன்று, நெல் அளப்பது, பனையோலைப் பெட்டிகள், பித்தளைக் குத்துவிளக்கு, என் பாட்டனார் கையெழுத்திட்ட காணி உறுதி. ஊரின் ஒவ்வொரு வீடும் ஒரு சிறு நூதனசாலையை அவ்வீதியிலே இழந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மீள்குடியேற்றத்தின்போது நாங்கள் திரும்பிய வளவில் கூரை இல்லை, கதவு இல்லை. பற்றைகளை வெட்டியபோது ஆட்டுக்கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கல்லை யார் தூக்குவார்? எண்பது வயதைக் கடந்த தாயார் அதன் அருகில் இருந்து, தன் மாமியார் அதனை வாங்கிய கதையை அன்று முதன்முறையாகச் சொன்னார். வண்டிற்காரனுக்குக் கூலியாக என்ன கொடுத்தார்கள் என்பது வரைக்கும் அவருக்கு நினைவிருந்தது. பொருள் போனால் அதன் கதையும் போகும் என்று நான் எண்ணியிருந்தேன். கதை தெரிந்தவர் போய்விட்டால் பொருளும் வெறுங்கல்லாகிவிடும் என்பது அன்றுதான் உறைத்தது.

ஆகவே விடுமுறை முடியுமுன் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு கொப்பியைக் கையிற் கொடுத்து, அம்மம்மாவிடம் கேட்டு வீட்டிலுள்ள பழம் பொருள்களின் பெயர், எங்கிருந்து வந்தது, எப்படிப் பயன்பட்டது என்று எழுதச் சொன்னேன். அயல்வீடுகளுக்கும் போயினர். நான்கு நாளில் இருபத்துமூன்று பொருள்கள் சேர்ந்தன. அவற்றுள் எட்டு இப்போது இல்லாதவை. பெயரும் உருவமும் மட்டும் பென்சிலால் வரையப்பட்டிருந்தன. கொத்தின் படத்தைத் தாயாரே திருத்தினார்: "வாய் இவ்வளவு அகலம் இல்லை, மோனை."

ஐந்தாம் நாட் காலை அடுப்படியிலிருந்து தாயாரின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஆட்டுக்கல்லின்மேல் மட்டையொன்று கயிற்றாற் கட்டியிருந்தது. பையனின் கோணல் எழுத்தில், "இதனைத் தொட்டுப் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தது.

"தொட்டுப் பாக்கிறது இருக்கட்டும்," என்றார் தாயார், "உளுந்து ஊறிப்போச்சுது. ஆர் ஆட்டுறது?"

பையன் கையைக் கழுவிக்கொண்டு வந்து குழவியைப் பிடித்தான்.