கவனம் என்னும் ஏரி

நுழையும்முன்

மழைக்காலத்தில் நிரம்பிய ஏரி, கோடை வரை பயிரைக் காக்க வேண்டுமானால் மதகைத் திறக்கவும் மூடவும் அறிந்த ஒருவர் வேண்டும். மனிதனின் கவனமும் அளவோடு கிடைக்கும் வளமே. சமூக ஊடகங்கள் அவ்வளத்தை எவ்வாறு ஈர்க்கின்றன, அதனால் இளையோர் உள்ளம் எவ்வாறு பாதிக்கப்படுகிறது, அதைக் காக்கும் வழி யாது என்பனவற்றை இவ்வுரைநடை விளக்குகிறது.

நீரைக் காத்த ஊர்

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகள் நிறைந்தது. அம்மாவட்டத்தின் உத்திரமேரூர், குடவோலை முறையால் புகழ்பெற்ற ஊர். அங்குள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), ஊர்ப்பணிகளுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நீர் அளவானது, அதைக் கேட்கும் வயல்களோ பல. ஆதலால் அதனைக் காக்க ஊரார் பொறுப்பாளர்களை அமர்த்தினர்.

உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்த சாலவாக்கம் போன்ற சிற்றூர்களுக்கும் இன்று திறன்பேசியின் வழியே செய்திகளும் காணொலிகளும் இடையறாது வந்து சேர்கின்றன. இந்திய ஊரகங்களை ஆராய்ந்த 2024ஆம் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கையின்படி, 14 முதல் 16 வயதினருள் 82 விழுக்காட்டினர் திறன்பேசியைப் பயன்படுத்த அறிந்திருந்தனர். அவர்களுள் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் அதைக் கல்விக்குப் பயன்படுத்தினர். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர்.

கவனமே வருவாய்

சமூக ஊடகங்களைப் பயன்படுத்த நாம் பணம் செலுத்துவதில்லை. எனினும் அவை பெருவருவாய் ஈட்டுகின்றன. அவ்வருவாயின் பெரும்பகுதி விளம்பரங்களால் வருவது. நாம் திரையில் தங்கும் நேரம் நீள நீள, காட்டப்படும் விளம்பரங்களும் பெருகும். ஆகவே, நம் கவனமே அங்கு விற்பனைப் பொருளாகிறது. தகவல் பெருகுமிடத்தில் கவனம் அரிதாகும் என்பதைப் பொருளியல் அறிஞர் எர்பர்ட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார்.

ஈர்க்கும் உத்திகள்

உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு ஆய்வுகள் நிகழ்த்தினார். பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் கிடைத்த புறாவைவிட, எப்போது கிடைக்கும் என அறியவியலாத புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. அடுத்து வரும் காணொலி சுவையானதா, நம் பதிவுக்கு எத்தனை விருப்பக்குறிகள் வந்துள்ளன என்று நாம் மீண்டும் மீண்டும் திரையைத் தள்ளிப் பார்ப்பதும் இத்தகையதே.

நூலில் ஓர் இயல் முடிந்தால் நாம் நிமிர்கிறோம். நாளிதழின் கடைசிப் பக்கம் வந்தால் மடித்து வைக்கிறோம். இவ்வியல்பான நிறுத்தங்களை நீக்கியது முடிவின்றி நகரும் திரை. 2006ஆம் ஆண்டில் இதனை வடிவமைத்த ஏசா ரஸ்கின், அதன் விளைவுகளைக் கண்டு பிற்காலத்தில் வருந்தினார். நாம் எதில் எத்தனை நொடி நின்றோம் என்று கணித்து, அதற்கேற்ப அடுத்ததைத் தரும் பரிந்துரை நெறிமுறை இதனோடு சேரும்போது, மதகு திறந்தே கிடக்கிறது.

உள்ளமும் உறக்கமும்

இதனால் முதலில் குறைவது உறக்கம். பதின்பருவத்தினர்க்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் தேவை என மருத்துவர் பரிந்துரைக்கின்றனர். இரவில் நீளும் திரைநேரம் அதைக் குறைக்க, மறுநாள் வகுப்பில் நினைவாற்றலும் பொறுமையும் தளர்கின்றன. அடுத்தது ஒப்பீடு. பிறர் தம் வாழ்வில் தேர்ந்தெடுத்துக் காட்டும் நல்ல நொடிகளை நம் முழு நாளோடு ஒப்பிட்டு மனங்குன்றுகிறோம். தம் உடல்தோற்றம் பற்றி முன்பே வருந்திய இளம்பெண்களுள் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மிகுவித்ததாகக் கூறியது அந்நிறுவனத்தின் உள்ளாய்விலேயே பதிவாகியிருந்தது. இது 2021இல் வெளியானது. அதே ஆய்வில், வேறு துன்பங்களின்போது அது தமக்குத் துணையாயிற்று என்றோரும் உளர்.

ஆகவே, சமூக ஊடகத்தை முற்றிலும் தீதெனத் தள்ளுதல் சரியன்று. தொலைவிலுள்ள உறவினரோடு பேசவும், விளங்காத பாடத்தைக் காணொலியில் மீண்டும் கேட்கவும் அது சிற்றூர் மாணவர்க்கு வாயிலாகிறது. தேடிச் சென்று கற்பதும், தன்னையறியாமல் இழுத்துச் செல்லப்படுவதும் ஒன்றல்ல.

தடை மட்டும் போதுமா?

டிக்டாக் செயலியைத் தரவிறக்கத் தடை விதிக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் ஆணையிட்டது. அம்மாத இறுதிக்குள் அத்தடை நீக்கப்பட்டது. 2020 சூன் 29 அன்று, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு அச்செயலி உள்ளிட்ட 59 செயலிகளைத் தடைசெய்தது. அடுத்த சில மாதங்களுக்குள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் அதே வடிவில் இந்தியாவுக்கு வந்தன. ஒரு வழி அடைபட்டபோது வேறு வழிகள் திறந்தன. ஆஸ்திரேலியா பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024இல் இயற்றியது. சட்டம் வேண்டும்; நிறுவனங்களின் பொறுப்பும் வேண்டும். அவற்றோடு, பயன்படுத்துவோரின் விழிப்பும் வேண்டும்.

மதகைக் காப்போம்

தேவையற்ற அறிவிப்பொலிகளை நிறுத்துதல், உறங்கும் இடத்திற்கு வெளியே திறன்பேசியை வைத்தல், எதற்காக எடுக்கிறோம் என்று எண்ணிய பின் எடுத்தல் ஆகியவை எளிய பழக்கங்கள். ஏரியை ஒருவர் மட்டும் காக்கவில்லை. ஊரே கூடிக் காத்தது. அதுபோல், உணவு வேளையில் திறன்பேசியைத் தொடுவதில்லை என்னும் விதியைப் பிள்ளைகளோடு பெற்றோரும் ஏற்றால்தான் அது நிலைக்கும். விளையாட்டுத் திடலும் நூலகமும் நண்பரோடு நேரில் பேசும் மாலைப்பொழுதும் இருந்தால் திரையின் பிடி தானே தளரும்.

நெல்லுக்குப் பாய வேண்டிய நீர் வீணே வழிந்தோடினால், அதன் விளைவு அறுவடையில்தான் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் நீங்கள் செலுத்தும் கவனமும் அத்தகையதே. மதகின் திறவுகோலை உங்கள் கையில் வைத்திருங்கள்.

தெரியுமா?

தொழில்நுட்பப் பயன்பாட்டால் இடருறுவோர்க்கு உதவ, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014இல் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. மனநல உதவி வேண்டுவோர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.